வாசகர் கேள்வி – பதில்: லவுசானிலிருந்து வந்த போத்தல்

இம்முறை வந்து சேர்ந்த கடிதங்களுள் ஆறு, ஷாஸ்லா என்ற ஒரே திராட்சையைச் சுற்றியே அமைந்துள்ளன. கோயில் திருவிழாக்களுக்கும் கலியாணங்களுக்கும் சுவிஸிலிருந்து வந்துபோன உறவுகளின் பயணப் பெட்டிகளில் சொக்லேட்டுகளோடு சேர்ந்து அந்தத் திராட்சையின் வைனும் வன்னிக்கு வந்திருப்பது தெரிகிறது. இந்தப் பகுதியை எழுதுபவன் ஜெனிவா ஏரிக் கரையிலிருந்த ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவுவதில் தொடங்கி அடுப்படி வரை சென்று, பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியவன் என்பதால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றுக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வாசகி, புதுக்குடியிருப்பு): லவுசானில் இருக்கும் அண்ணா, தங்கையின் கலியாணத்துக்கு வந்தபோது அப்பாவுக்கென்று இரண்டு வெள்ளை வைன் போத்தல்கள் கொண்டுவந்தார். அவற்றில் ‘ஷாஸ்லா’ என்று எழுதியிருக்கிறது. ஒன்றைத் திறந்து குடித்துப் பார்த்தபோது இனிப்பே இல்லை. புளிப்பும் பெரிதாக இல்லை. கிளாஸின் உட்புறத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. வழியில் வெயில் பட்டுப் பழுதாகிவிட்டதா?

பதில்: தாங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களைக் கொண்டு பார்த்தால் அந்த வைன் பழுதாகவில்லை, அது எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது. நம்மவர்களுக்கு வைன் என்றால் பாலன் பிறப்புக்கு வீடுகளில் ஊற்றித் தரப்படும் இனிப்பான சிவப்பு நீர்தான் நினைவுக்கு வரும். அந்த எதிர்பார்ப்போடு ஷாஸ்லாவை வாயில் வைத்தால் ஏமாற்றமாகத்தான் இருக்கும்.

இனிப்பில்லாத வைனைப் பிரெஞ்சு மொழியில் ‘உலர்ந்தது’ என்று பொருள்படும் சொல்லால் குறிப்பார்கள். அதை அப்படியே தமிழில் சொன்னால் ஒன்றும் விளங்காது. ஆனால் பனைமரத்தடியில் நின்றவர்களுக்கு விடயம் புதிதல்ல. சுண்ணாம்பு தடவிய முட்டியில் இறங்குவது இனிக்கும் கருப்பநீர். சுண்ணாம்பு இல்லாத முட்டியில் மதுவங்கள் (ஈஸ்ட்) அந்தச் சீனியைத் தின்று அற்ககோலாக மாற்றிக்கொண்டே இருப்பதால், காலையில் இனித்த கள்ளு மாலைக்குள் இனிப்பு முழுவதையும் இழந்துவிடுகிறது. திராட்சைச் சாற்றிலும் இதுவே நடக்கிறது. சாற்றிலுள்ள சீனி ஏறத்தாழ முழுவதும் தீரும்வரை நொதிக்க விட்டால் கிடைப்பது இனிப்பற்ற வைன். ஐரோப்பிய விதிப்படி, லீற்றருக்கு 4 கிராமுக்கு மேற்படாத சீனி எஞ்சியிருந்தால் அதை இவ்வகையில் சேர்ப்பார்கள்.

புளிப்புக் குறைந்திருப்பதற்குக் காரணம் வேறு. ஷாஸ்லா இயல்பிலேயே புளிப்புக் குறைந்த திராட்சை. அதற்கு மேலாக, சுவிஸ் வைன் தயாரிப்பாளர்களிற் பெரும்பாலானோர் முதல் நொதிப்பு முடிந்த பின்னர் பக்ரீரியாக்களைக் கொண்டு இரண்டாவது மாற்றமொன்றையும் நிகழ விடுகிறார்கள். பச்சை அப்பிளில் உள்ள கூர்மையான மலிக் அமிலம், தயிரில் உள்ள மென்மையான லக்ரிக் அமிலமாக அப்போது மாறுகிறது. காய் மாங்காய்க்கும் நல்ல எருமைத் தயிருக்கும் உள்ள வேறுபாட்டை நினைத்துப் பார்த்தால் அந்த மாற்றம் நாவிலேயே விளங்கிவிடும்.

குமிழிகளைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். நொதிப்பின்போது உண்டாகும் காபனீரொட்சைட்டில் ஒரு சிறு பங்கை வைனிலேயே விட்டுவைத்துப் போத்தலில் அடைப்பது அங்கே வழக்கம். புளிப்புக் குறைந்த வைனுக்கு அந்த மெல்லிய சுணைப்புத்தான் உயிர் கொடுக்கிறது. சுவிஸின் நோஷாத்தெல் பகுதியில் கையைச் சற்று உயர்த்தி வைனை ஊற்றி, குமிழிகள் கிளாஸின் நடுவில் நட்சத்திரம் போலக் கூடுகின்றனவா என்று பார்ப்பார்கள். நான் வேலை செய்த இடத்தில் வயதான வாடிக்கையாளர் ஒருவர், நட்சத்திரம் தோன்றாவிட்டால் போத்தலை மாற்றித் தரும்படி கேட்பார். பரிமாறும் பையன்கள் சலித்துக்கொண்டாலும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

பழுதான வைனுக்கு வேறு அடையாளங்கள் உண்டு. வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டியது வெறுந்தேநீரின் நிறத்துக்குப் போயிருந்தாலோ, வினாகிரி வாசம் மூக்கில் ஏறினாலோ, நனைந்த கடதாசி மட்டையின் நாற்றம் அடித்தாலோ ஊற்றிவிடுங்கள். மூன்றாவது கோளாறு தக்கையிலிருந்து வருவது. ஷாஸ்லாவைப் போன்ற மெல்லிய வைனில் அது உடனே வெளிப்பட்டுவிடும் என்பதனால்தான் 1970களிலேயே சுவிஸ்காரர் இதற்குத் திருகுமூடியைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஆகவே, திருகுமூடி போட்ட போத்தலை அண்ணா கொண்டுவந்திருந்தால் மலிந்த சரக்கை வாங்கி வந்துவிட்டார் என்று எண்ணிவிட வேண்டாம்.

கேள்வி (வாசகர், வவுனியா): எங்கள் மாமா சுவிஸின் வலே மாநிலத்திலிருந்து கொண்டுவந்த வைனில் ‘ஃபாந்தான்’ என்று இருக்கிறது. ஜேர்மனியில் உள்ள மச்சான் அதையே ‘கூட்டேடல்’ என்கிறார். இன்னொருவர் ஷாஸ்லா என்பது பழக்கடையில் விற்கும் திராட்சை என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மூவரும் சொல்வது சரி. வலே மாநிலத்தில் இத்திராட்சையின் வைனுக்கு ஃபாந்தான் என்று பெயர். பழத்தை விரல்களுக்கிடையில் அழுத்தினால் சாறு பீறிடாமல் சதை பிளந்து கொடுக்கும் என்பதால் ‘பிளத்தல்’ என்ற வினையிலிருந்து அப்பெயர் வந்தது. ஜேர்மனியில் ஃபிரைபூர்க்குக்கும் பாசலுக்கும் இடையில் உள்ள மார்க்கிரேஃப்லர்லாந்து பகுதியில் அது கூட்டேடல். அங்கே இதைப் பரப்பியவர் பாடன் நாட்டின் ஆட்சியாளர் கார்ல் ஃபிரீட்ரிக். 1780இல் ஜெனிவா ஏரிக் கரையிலுள்ள வெவே நகரிலிருந்து கொடிகளை அவர் தருவித்தார்.

மூன்றாமவர் சொல்வது பிரான்சின் தென்மேற்கில் உள்ள முவாசாக் பழத்தை. அங்கே இது வைனுக்காக அன்றி உண்பதற்காகவே பயிரிடப்படுகிறது. பொன்னிறத்தில் தோல் மெலிந்து தேன்போல இனிக்கும் அந்தப் பழத்துக்கு 1971இல் சட்டப்படி ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பும் கிடைத்தது. ஒரே பழம் ஓரிடத்தில் தட்டிலும் இன்னோரிடத்தில் கிளாஸிலும் மதிக்கப்படுவது அரிது. வைனுக்குப் பேர்போன திராட்சைகளிற் பலவற்றைப் பழமாகத் தின்றால் தோல் தடித்து, விதை மிகுந்து, வாய் கூசும்.

பிறந்த இடம் எது என்பதில் நெடுங்காலம் கதைகள் உலாவின. எகிப்திலிருந்து வந்தது என்றும் கொன்ஸ்தாந்திநோபிளிலிருந்து வந்தது என்றும் எழுதி வைத்தார்கள். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் ஷாஸ்லா என்றே ஒரு கிராமம் இருப்பதால் அவ்வூரும் உரிமை கோருகிறது. ஆனால் மரபணு ஆய்வுகள் ஜெனிவா ஏரியின் சுற்றுப்புறத்தையே இதன் தாயகமாகக் காட்டுகின்றன.

அந்தக் கரையில் லவுசானின் கிழக்கு எல்லையிலிருந்து ஷியோன் கோட்டை வரை ஏறத்தாழ 30 கிலோமீற்றர் நீளத்துக்குத் திராட்சைப் படிவயல்கள் உள்ளன. லாவோ என்ற அந்தப் பகுதியை யுனெஸ்கோ 2007இல் உலக மரபுரிமையாக அறிவித்தது. துறவிமடங்களின் கையில் அந்நிலம் இருந்த 11ஆம் நூற்றாண்டு வரை அப்படிவயல்களின் வரலாறு பின்னோக்கிச் செல்கிறது. அங்குள்ள விவசாயிகள் தங்கள் கொடிகளுக்கு மூன்று சூரியன்கள் என்பார்கள்: வானத்துச் சூரியன், ஏரி நீரில் பட்டுத் திரும்பும் சூரியன், பகலெல்லாம் சூடு வாங்கி இரவில் விடும் கல்மதில். இரணைமடுக் குளக்கட்டில் மாலை நேரத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

மண்ணுக்கு மண் இதன் சுவை மாறும். தனக்கென்று உரத்த மணம் இல்லாத பழம் என்பதால், நிலத்தின் குணம் இதில் மறைக்கப்படாமல் வெளியே வருகிறது என்பது அதை விளைவிப்போர் சொல்வது. லாவோவிலுள்ள டெசலே சரிவின் வைன், பல ஆண்டுகள் நிலவறையில் இருந்தால் தேனும் வறுத்த கொட்டையும் கலந்த மணத்துக்கு வந்துவிடும். ஏனைய ஷாஸ்லாக்களைப் புதிதாகவே குடித்துவிடுவது நல்லது. சுவிஸ் வைனில் மிகச் சிறு பங்குதான் ஏற்றுமதியாகிறது. மீதியை அந்நாட்டவரே குடித்து முடிக்கிறார்கள். கொழும்புக் கடைகளில் தேடி அலுத்துப் போக வேண்டாம், உறவினரின் பெட்டிதான் வழி.

கேள்வி (வாசகி, மல்லாவி): இந்த வைனை எந்தச் சாப்பாட்டோடு வைக்கலாம்? நண்டுக் கறியோடு வைத்துப் பார்த்தோம், வாய் எரிந்ததுதான் மிச்சம்.

பதில்: வாய் எரிந்ததற்கு வைனும் கறியும் கூட்டாகப் பொறுப்பு. மிளகாயின் உறைப்பை நாம் உணர்வது சூட்டை உணரும் நரம்பு முனைகளால். அற்ககோல் அந்த முனைகளை மேலும் எளிதில் தூண்டப்படக்கூடியனவாக ஆக்கிவிடுகிறது. வறுத்து இடித்த கறித்தூளும் பழப்புளியும் போட்டுக் காய்ச்சிய நண்டுக் கறியின் முன்னால் ஷாஸ்லாவின் மணம் நிற்கவே நிற்காது. எரிச்சல் மட்டும் இரட்டிக்கும். அந்தக் கறிக்கு மோர்தான் துணை. பாலிலுள்ள புரதம் உறைப்பைப் பற்றி இழுத்துக்கொள்ளும்.

இத்திராட்சைக்குரிய உணவு எது என்பதை நான் கற்றது ஒரு பின்னிரவில். உணவகத்தைப் பூட்டிய பின் அடுப்படியில் வேலை செய்யும் எங்களுக்கென்று நான் சமைப்பது வழக்கம். அன்று விற்காமல் மிஞ்சிய ஏரி மீன் துண்டுகள் சிலவற்றை வைத்துப் பால்ச்சொதி காய்ச்சினேன். தகரத்தில் அடைத்த தேங்காய்ப்பாலை நீர்விட்டுக் கரைத்துக் கப்பிப்பால் போலாக்கி, சின்ன வெங்காயமும் பச்சைமிளகாய் இரண்டும் ஒரு சிட்டிகை மஞ்சளும் வெந்தயமும் போட்டு, மீன் வெந்ததும் கெட்டிப்பாலை விட்டு, கொதிக்க விடாமல் இறக்கினேன். கறிவேப்பிலை இல்லை, இருந்த இடத்தில் அதைத் தேடுவதற்கு வழியும் இல்லை. தலைமைச் சமையற்காரர் சோற்றின் மேல் அதை ஊற்றி ஒரு கரண்டி தின்றார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் பாதி மிஞ்சியிருந்த ஷாஸ்லாப் போத்தலைக் கொண்டுவந்து எல்லோருக்கும் ஊற்றினார். தேங்காய்ப்பாலின் கொழுப்பை வைனின் சுணைப்பு வழித்துக்கொண்டு போனது. மீனின் மெல்லிய இனிப்பு அதன் பின்னால் தெரிந்தது. அதுவரை அந்த வைனைத் தண்ணீர் என்று கேலி செய்துகொண்டிருந்தவன் நான்.

ஆகவே என் பதில், முதலில் பால்ச்சொதி. முல்லைத்தீவுக் கரையில் விடியற்காலையில் இறங்கும் பாரையோ விளைமீனோ கிடைத்தால் நல்லது. தேசிக்காய்ப்புளியை மட்டும் அளந்து விடுங்கள். உணவின் புளிப்பு வைனின் புளிப்பைவிட மேலோங்கினால் வைன் சப்பென்று ஆகிவிடும். ஷாஸ்லாவிடம் ஏற்கெனவே இருப்பு குறைவு. வழக்கமாகப் பாதித் தேசிக்காய் பிழிபவர்கள் கால்வாசியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஜெனிவா ஏரிக் கரையில் இதனோடு பரிமாறப்படும் பேர்பெற்ற உணவு, பெர்ச் என்ற சிறு நன்னீர் மீன். முள் நீக்கிய துண்டுகளை மாவில் புரட்டி வெண்ணெயில் பொரித்து எலுமிச்சைத் துண்டோடு தருவார்கள். நம்மிடம் பெர்ச் இல்லாவிட்டாலும் குளங்களில் ஜப்பான் மீன் (திலாப்பியா) இருக்கிறது. சேற்று வாசம் போக உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு முறை கழுவி, முள்ளெடுத்து, அரிசிமாவில் மெல்லியதாகப் புரட்டிப் பட்டரில் பொரித்தால், ஏரிக்கரைக்காரர் ஒருவருக்குக்கூடத் தயங்காமல் வைக்கலாம். மிளகாய்த்தூளுக்குப் பதிலாக மிளகு போடுங்கள். விராலை இதற்கு எடுக்க வேண்டாம். அது உறைப்புக் கறிக்கென்றே பிறந்த மீன் என்பது என் பிடிவாதமான எண்ணம்.

நந்திக்கடல் இறாலை உள்ளியோடும் மிளகோடும் வதக்கினால் பொருந்தும். நண்டுதான் வேண்டுமென்றால் உப்பு நீரில் அவித்து உடைத்துத் தின்னுங்கள். இடியப்பமும் சொதியும் பொருந்தும், பிட்டும் மீன்பொரியலும் பொருந்தும், கூழ் பொருந்தாது. சைவச் சாப்பாட்டில் முருங்கைக்காய்ப் பால்கறியும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் நல்ல துணை, ஆனால் இரண்டையும் வெள்ளையாகவே சமைக்க வேண்டும். சாப்பாட்டுக்கு முன் கொறிப்பதற்கு, உப்புப் போட்டு அவித்த கச்சானுக்கு நிகராக ஒன்றையும் நான் இதுவரை காணவில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய் வறுத்த கச்சான் வாங்கி வருபவர்கள் அதையும் வைத்துப் பார்க்கலாம். அவித்ததற்கு அடுத்த இடந்தான். பாலைப்பழத்தோடு மட்டும் வேண்டாம். அந்த இனிப்பும் உதட்டில் ஒட்டும் பாலும் வைனைக் கசப்பாக்கிவிடும்.

சீஸைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுத வேண்டும், ஏனெனில் சுவிஸில் இவ்வைனின் முதல் துணை அதுதான். சீஸை வெள்ளை வைனில் உருக்கி, பாண் துண்டுகளைத் தோய்த்துத் தின்னும் ஃபொந்துவுக்கு, வைன் வெறும் சுவைக்காக ஊற்றப்படுவதல்ல. அதிலுள்ள அமிலம் சீஸின் கல்சியத்தைப் பற்றிக்கொள்வதால்தான் புரதம் கட்டியாகத் திரளாமல் குழம்பாக நிற்கிறது. ஃபொந்துவோடு தண்ணீர் குடித்தால் சீஸ் வயிற்றில் உருண்டையாகிவிடும், வைன் குடித்தால் செரிக்கும் என்று அந்நாட்டுப் பாட்டிமார் சொல்வார்கள். இதைச் சூரிச்சில் மருத்துவர்கள் 20 பேரைக் கொண்டு சோதித்து 2010இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வைன் குடித்தவர்களின் இரைப்பை, தேநீர் குடித்தவர்களுடையதைவிட மெதுவாகவே காலியானது. ஆனால் வயிற்று உபாதையில் இரு பக்கமும் வேறுபாடு இருக்கவில்லை. பாட்டிமார் இன்னும் தங்கள் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

கேள்வி (வாசகர், கிளிநொச்சி): வீட்டு வளவில் பந்தல் போட்டு இஸ்ரேல் புளூ திராட்சை வைத்திருக்கிறேன், நன்றாகக் காய்க்கிறது. ஷாஸ்லாக் கொடி ஒன்றைத் தருவித்து நட்டு, அதில் வைன் செய்யலாமா?

பதில்: நடலாம் என்று சொல்லித் தங்கள் பணத்தை வீணாக்க எனக்கு மனமில்லை. ஷாஸ்லா குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கி எழுந்து பழகிய கொடி. நம் நாட்டில் திராட்சை உறங்குவதில்லை. கத்தரித்துத்தான் அதனை அரும்ப வைக்கிறோம். இஸ்ரேல் புளூ அதற்கு இசைந்து கொடுக்கிறது. ஷாஸ்லாவுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. அது விரைவில் பழுக்கும் இனம். 19ஆம் நூற்றாண்டில் விக்தோர் புலியா என்ற பிரெஞ்சுத் திராட்சை அறிஞர், உலகின் திராட்சைகளைப் பழுக்கும் காலத்தால் வகைப்படுத்தியபோது ஷாஸ்லாவையே அளவுகோலாக வைத்தார். இன்றும் ஓர் இனத்தை ‘ஷாஸ்லாவுக்கு இத்தனை நாள் பின்னால் பழுப்பது’ என்றே குறிக்கிறார்கள். குளிர்ந்த இடத்தில் அந்த விரைவு வரம். நம் வெயிலில் சீனி ஓடி ஏறும், புளிப்பு அதற்கு முன்பே இறங்கிவிடும். ஏற்கெனவே புளிப்புக் குறைந்த பழத்தில் மிஞ்சுவது வெறும் இனிப்பு நீர். மாரி மழையில் இலையில் பிடிக்கும் பூஞ்சண நோய் வேறு.

வைன் செய்வதற்கு மதுவரிச் சட்டப்படி உரிமம் வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பந்தல் இஸ்ரேல் புளூவைப் பழமாகவே தின்னுங்கள்.

கேள்வி (வாசகர், மாங்குளம்): எனக்குச் சீனி வருத்தம். இதில் இனிப்பில்லை என்பதால் குடிக்கலாந்தானே?

பதில்: இனிப்பில்லாவிட்டாலும், 12 வீதத்தை அண்டிய அற்ககோல் இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு எடுக்கும் சில மருந்துகளோடு, குறிப்பாக வெறும் வயிற்றில், அற்ககோல் சேர்ந்தால் குருதியில் சீனி அளவுக்கு மிஞ்சிக் குறைந்துவிடக்கூடும். தங்கள் கிளினிக் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தியரிடம் கேட்ட பின்னரே முடிவெடுங்கள். மருமகன் ஊற்றித் தருகிறார் என்பதற்காக எடுக்க வேண்டாம்.

கேள்வி (வாசகி, மடு வீதி): எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. வந்த போத்தலைத் திருப்பலிக்குப் பயன்படுத்தும்படி சுவாமியிடம் கொடுக்கலாமா? அதுவரை எப்படி வைத்திருப்பது?

பதில்: திருச்சபைச் சட்டம், திருப்பலிக்குரிய வைன் திராட்சைக் கனியிலிருந்து வந்த இயற்கையானதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்று கூறுகிறது, சிவப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று கூறவில்லை. பீடத் துகிலில் கறை படியாது என்பதற்காகவே வெள்ளை வைனை விரும்பும் குருக்களும் உண்டு. ஆயினும் கடையில் விற்கும் வைனில் சேர்க்கப்பட்டவை பற்றி அவரே தீர்மானிக்க வேண்டும் என்பதால், போத்தலின் தாளைக் காட்டிக் கேட்டுவிடுங்கள்.

வைத்திருப்பதைப் பொறுத்தவரை, சித்திரை வைகாசி வெயிலில் ஓட்டுக் கூரையின் கீழ் அலுமாரியில் வைத்தால் சில வாரங்களில் அதன் மணம் வெந்துவிடும். குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் வையுங்கள். கதவில் வேண்டாம், திறக்குந்தோறும் சூடு படும். திருகுமூடியானால் நிமிர்த்தி வைக்கலாம், தக்கையானால் அது காய்ந்து சுருங்காதபடி படுக்க வையுங்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் வீடானால், கிணற்றடி நிழலில் ஈரச் சாக்குச் சுற்றிய மண்பானை, அலுமாரியைவிட எவ்வளவோ மேல். திறந்த பின் மூடியை இறுகத் திருகிக் குளிரில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். நான்காம் நாள் மிஞ்சியிருந்தால், இறால் வதக்கும் சட்டியில் உள்ளி பொன்னிறமாகும் நேரத்தில் கால் கோப்பை ஊற்றி வற்ற விடுங்கள்.